இரைப்பை, உணவுக்குழாய் சத்திரசிகிச்சைக்குப் பல ஆண்டுகளின் பின் வரும் களைப்பு: யாழ்ப்பாணத்தில் எங்கிருந்து தொடங்குவது

இரைப்பையையோ உணவுக்குழாயையோ அகற்றிய சத்திரசிகிச்சை முடிந்து நான்கைந்து ஆண்டுகள் கடந்து, புற்றுநோய் திரும்பவில்லை என்று மருத்துவர்களும் சொல்லி, வீட்டாரும் ஆறுதலடைந்திருக்கும் வேளையில், ஒரு களைப்பு மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கும். பகலில் படுத்து எழும்பினாலும் அலுப்புத் தீராது. "வயது போனால் இப்படித்தான்", "ஈமோகுளோபின் சரியாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்ற இரண்டு பதில்களை அம்மாவுக்காகச் சென்ற இடங்களில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டோம். இரண்டுமே போதிய பதில்கள் அல்ல. இரைப்பை இல்லாத உடலில் சத்துக் குறைபாடு எதிர்பார்க்கப்பட வேண்டிய ஒன்று. அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் திருத்தவும் முடியும். எதை, எந்த ஒழுங்கில் கேட்பது என்பது தெரியாததால்தான் மாதங்கள் வீணாகின்றன. மருந்தின் அளவை உங்கள் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அவரிடம் எதைக் கொண்டுபோவது, எதைக் கேட்பது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

1. நடந்த சத்திரசிகிச்சை எதுவென்பதை எழுத்தில் எடுங்கள்

"வயிற்றில் ஒப்பரேசன் செய்தது" என்பது போதாது. இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டதா, ஒரு பகுதியா, உணவுக்குழாயை அகற்றி இரைப்பையைக் குழாய்போல் நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்தார்களா, உணவு முன்சிறுகுடல் வழியே போகிறதா அல்லது அதைத் தவிர்த்துப் போகிறதா, மண்ணீரலும் அகற்றப்பட்டதா என்பவற்றைப் பொறுத்தே எந்தச் சத்து எப்போது குறையும் என்பது அமையும். இரைப்பை முழுவதும் இல்லாதவருக்கு விற்றமின் பி12 உணவிலிருந்து ஏறக்குறைய உறிஞ்சப்படவே மாட்டாது. உணவுக்குழாய் மட்டும் அகற்றப்பட்டவருக்கு அது நேரலாம், நேராமலும் போகலாம்.

வீட்டில் இருக்க வேண்டியவை: வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த நோய் விபர அட்டை, திசுப் பரிசோதனை அறிக்கை, கிளினிக் கொப்பி, பழைய குருதி அறிக்கைகள். இவை தொலைந்திருந்தால் சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கேளுங்கள். தேசிய அடையாள அட்டை, கிளினிக் இலக்கம், அனுமதிக்கப்பட்ட மாதமும் ஆண்டும் கையில் இருந்தால் தேடுவது இலகு. நோயாளியால் போக முடியாவிட்டால் அவர் கையொப்பமிட்ட கடிதமொன்றை எடுத்துச் செல்லுங்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அங்கு அடுத்த கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொண்டால் இரண்டாம் முறை பஸ் ஏற வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். மூலப் பிரதியை எவரிடமும் விட்டு வராதீர்கள்.

2. களைப்பை ஒரு வாரம் எழுதுங்கள்

"களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அது ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடும். எப்போது களைக்கிறது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தின் பின், எதைச் சாப்பிட்ட பின், நிறை எவ்வளவு, மலம் எண்ணெய்போல் மிதக்கிறதா, கைகால் விறைக்கிறதா, நாக்கு எரிகிறதா என்று எழுதுங்கள். அம்மா நடந்துகொண்டிருக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும். அவர் அதை அறியாமல் நாலடி போயிருப்பார். நாங்கள் அதைக் கவனக்குறைவு என்று நினைத்திருந்தோம். பாதம் உணர்விழப்பது பி12 குறைபாட்டில் நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளம் என்று சொன்ன ஒரு மருத்துவர், அந்த ஒரு வரியைக் கேட்டதும் பரிசோதனைத் துண்டை மாற்றி எழுதினார். சிறிதென்று நினைத்து எதையும் விட்டுவிடாதீர்கள்.

குடிக்கும் மருந்துகள் அனைத்தையும் இதே தாளில் எழுதுங்கள். சலரோகத்துக்கான மெற்போமின் நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையும். ஒமிப்பிரசோல் போன்ற அமிலக் குறைப்புக் குளிசைகள், இரைப்பையின் ஒரு பகுதி மீந்திருப்பவர்களுக்கு பி12, இரும்பு இரண்டின் உறிஞ்சலையும் குறைக்கும். அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. உணவுக்குழாய் அகற்றப்பட்டவர்களுக்கு அவை பெரும்பாலும் தேவையானவை. சித்த வைத்தியரிடம் அயச்செந்தூரம் எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் இருப்பதும் இரும்புதான்.

3. எந்தப் பரிசோதனைகள், எந்த ஒழுங்கில்

முதலில் கேட்க வேண்டியவை: முழுக் குருதி எண்ணிக்கை, குருதிப் படம் (குருதிக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது), பெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), விற்றமின் பி12, போலேட் (போலிக் அமிலம்), கல்சியம், விற்றமின் டி, அல்புமின் உட்பட ஈரல் தொழிற்பாடு, கிரியேட்டினின், தைரொயிட்டுக்கான ரி.எஸ்.எச்., குருதிச் சீனி. இவற்றில் விடை கிடைக்காவிட்டால், அல்லது நிறை குறைந்துகொண்டே போனால், நாகம் (சிங்க்), செம்பு, விற்றமின் ஏ, ஈ, பராதைரொயிட் ஓமோன் ஆகியவற்றுக்குப் போகலாம்.

இந்தக் கட்டத்தில் விழக்கூடிய குழிகள் பல. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஈமோகுளோபின் சரியாக இருப்பது இரும்போ பி12-ஓ சரியாக இருப்பதற்குச் சான்றல்ல. இரும்பின் சேமிப்பு முதலில் வற்றும். ஈமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். பி12 குறைபாடு குருதியை விட்டுவிட்டு நரம்பை மட்டும் தாக்கவும் கூடும்.

இரும்புக் குறைபாடு செங்குருதிக் கலங்களைச் சிறிதாக்கும். பி12 குறைபாடு பெரிதாக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால், கலங்களின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. இடையில் நின்று சாதாரணமாகத் தோன்றும். இரைப்பை அகற்றப்பட்டவர்களிடம் இந்த இரட்டைக் குறைபாடு வருவது இயல்பு. எம்.சி.வி. சரி என்பதால் மற்றப் பரிசோதனைகள் தேவையில்லை என்று எவரேனும் சொன்னால், குருதிப் படத்தையாவது பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள். மறுபுறம், பெரிட்டின் நன்றாக இருந்தும் கலங்கள் மிகச் சிறிதாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற குருதிக் கோளாறின் கூறு இருக்கலாம்; அவருக்கு இரும்புக் குளிசையை அள்ளிக் கொடுக்கக் கூடாது.

பெரிட்டின் ஒரு லீற்றருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புச் சேமிப்பு வற்றிவிட்டது என்றே பொதுவாகக் கொள்வர். ஆனால் காய்ச்சல், தொற்று, அழற்சி இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். சி.ஆர்.பி.யையும் சேர்த்துக் கேட்பது இதற்காகத்தான். தடிமன் காய்ச்சல் மாறிச் சில வாரங்கள் கழிந்த பின் குருதி கொடுப்பது நல்லது.

பி12-க்கான குருதியை ஊசி போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஊசி போட்ட பின் பார்க்கும் எண் வானளவு உயர்ந்திருக்கும். அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒரு மில்லிலீற்றருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அறிகுறிகள் இருந்தால் அந்த எல்லைக்குள்ளும் சிகிச்சை தொடங்குவர். சில ஆய்வுகூடங்கள் வேறு அலகில் அறிக்கை தரும். அங்கு லீற்றருக்கு 148 பிக்கோமோல் என்பதே இங்குள்ள 200-க்குச் சமன். அலகைப் பார்க்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டுப் பதறாதீர்கள்.

முடி வளர்வதற்கென்று விற்கப்படும் குளிசைகளில் உள்ள பயோட்டின் என்ற விற்றமின், தைரொயிட் மற்றும் பி12 பரிசோதனைகளின் முடிவுகளைக் குழப்பக்கூடியது. குருதி கொடுப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்துவது பற்றிக் கேளுங்கள்.

4. எங்கே போவது, என்ன செலவு

அரச வைத்தியசாலையில் ஆலோசனைக்கும் அங்கு செய்யப்படும் பரிசோதனைக்கும் கட்டணம் இல்லை. ஏற்கெனவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவிலோ கிளினிக் கொப்பி உள்ளவர்கள், புதிதாக எங்கும் தொடங்காமல், அதே கிளினிக்கில் இந்தக் களைப்பைச் சொல்லுங்கள். கொப்பி காலாவதியாகி, தொடர்பு விட்டுப்போனவர்கள் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அல்லது பொது மருத்துவ கிளினிக்குக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம். காலை நேரத்தோடு போய் நம்பர் எடுக்க வேண்டும். சாப்பிடாமல் நெடுநேரம் வரிசையில் இருக்க வேண்டாம். ஒரு அவித்த முட்டையோ சிறு பார்சலோ கையில் இருக்கட்டும்.

அரச ஆய்வுகூடத்தில் எல்லாப் பரிசோதனைகளும் எல்லா நாளும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வெளியே செய்ய வேண்டி வந்தால், முழுக் குருதி எண்ணிக்கை மிக மலிவு, பெரிட்டின் நடுத்தரம், பி12, விற்றமின் டி இரண்டும் விலை கூடியவை. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால், இரைப்பை முழுவதும் இல்லாமல், இதுவரை பி12 ஊசியும் போடாதவர் பி12-ஐயே முதலில் செய்யட்டும். விற்றமின் டி ஒரு மாதம் பொறுக்கும். விலை ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடும், அடிக்கடி மாறும். ஆகவே தொலைபேசியில் இரண்டு இடங்களில் கேட்டுவிட்டுப் போங்கள். தொகுப்பாக விற்கும் "முழு உடல் பரிசோதனை"யில் நமக்குத் தேவையான பெரிட்டினும் பி12-உம் பெரும்பாலும் இருப்பதில்லை. பட்டியலை வாசிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

5. விற்றமின் பி12

பி12-ஐ உடல் ஏற்பதற்கு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரைப்பை போனால் அதுவும் போய்விடும். ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால்தான், சத்திரசிகிச்சை முடிந்த உடன் ஒன்றும் தெரியாமல், எல்லோரும் மறந்திருக்கும் வேளையில் இது தலைதூக்குகிறது. ஈரலும் முட்டையும் எவ்வளவு சாப்பிட்டாலும், இரைப்பை முழுவதும் இல்லாதவருக்கு அது ஈடாகாது. பி12 மருந்து, பெரும்பாலும் ஊசியாக, ஆயுள் முழுவதும் தேவை.

பி12 ஊசி ஐதரொக்சோகோபாலமின் என்ற வகை என்றால் பொதுவாக 1 மில்லிகிராம் வீதம் தொடக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு வாரம் மூன்று முறை, பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை. சயனோகோபாலமின் என்ற வகை என்றால் மாதம் ஒரு முறை. நரம்பு அறிகுறிகள் இருந்தால் தொடக்க ஊசிகள் மேலும் நெருக்கமாகவும் நீண்ட காலமும் போடப்படும். ஊசி முடியாதவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 2000 மைக்ரோகிராம் வரையான குளிசையும் பயன்படும். அதில் நூற்றில் ஒரு பங்கு அந்தப் புரதத்தின் துணையின்றியே உட்செல்லும்.

சைவ உணவுக்காரர் தயங்க வேண்டாம்: இந்த மருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்துத் தயாரிக்கப்படுவது.

மருந்தகத்தில் பி1, பி6, பி12 மூன்றும் கலந்த ஊசியைத் தந்தால், பி12 எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். பி6 நெடுங்காலம் மிகையாகச் சேர்ந்தால் அதுவே நரம்பைப் பாதிக்கும். போலிக் அமிலக் குளிசையை பி12 பார்க்காமல் தனியே தொடங்கக் கூடாது. குருதி திருந்தியதுபோல் காட்டிக்கொண்டிருக்க, நரம்பு தொடர்ந்து கெடும். 2022 ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அடுத்த தவணைக்குரிய ஒரு ஊசியை முன்னரே வாங்கி, வெளிச்சம் படாமல், பெட்டியில் குறித்துள்ளபடி வைத்திருங்கள்.

பலன் தெரியும் காலம்: புதிய செங்குருதிக் கலங்கள் ஒரு வாரத்தில் உருவாகத் தொடங்கும், ஈமோகுளோபின் சீராக ஏறக்குறைய இரண்டு மாதங்கள், விறைப்புக் குறைய ஆறு மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். நெடுங்காலம் கவனியாது விட்ட விறைப்பு முழுமையாக மாறாமலும் போகும். தேகம் தேறிவிட்டது என்று ஊசியை நிறுத்துவதே மிகப் பரவலான தவறு.

6. இரும்புச்சத்து

இரும்பு கரைய அமிலமும், உறிஞ்சப்பட முன்சிறுகுடலும் வேண்டும். பலருக்கு இரண்டுமே இல்லை. முதலில் குளிசை கொடுத்துப் பார்ப்பார்கள். பெரசு சல்பேற்று 200 மில்லிகிராம் குளிசையில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். நாளுக்கு ஒன்று, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மூன்று வேளையும் விழுங்கினால் வயிற்று வேதனைதான் கூடும். தேசிக்காய்ச் சாற்றுடன் எடுங்கள். நம் வீடுகளில் பிரச்சினை தேத்தண்ணிதான்: குளிசைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பின் ஒரு மணித்தியாலத்துக்குப் பால்தேத்தண்ணியும் வேண்டாம், பிளேன்ரீயும் வேண்டாம்.

மூன்று நான்கு வாரங்களில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 2 கிராம் அளவில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த மூன்று மாதங்களுக்கும் அதே குளிசையை எழுதுவதை ஏற்றுக்கொள்ளாமல், நாளத்தின் வழியே இரும்பு ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். அது வார்டில், தாதியரின் கண்காணிப்பில் செய்யப்படுவது. குளிசையாலேயே ஈமோகுளோபின் ஏறினால், அதன் பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதங்கள் குளிசையைத் தொடர வேண்டும்.

இன்னொன்று: இரும்புக் குறைபாட்டை எப்போதும் உறிஞ்சற் குறைவு என்றே எண்ணிவிடக் கூடாது. குடலில் எங்கோ குருதி கசிகிறதா என்பதை உறுதிசெய்ய எண்டோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். இரும்புக் குளிசை எடுக்கும்போது மலம் கறுக்கும். ஆனால் தார்போல் ஒட்டி, கெட்ட நாற்றத்துடன் போனால் அது குருதி.

7. கல்சியமும் விற்றமின் டியும்

யாழ்ப்பாண வெயிலில் விற்றமின் டி குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. குறையும். கொழுப்புச் சரியாகச் செரிக்காதபோது கொழுப்பில் கரையும் விற்றமின்களும் கழிந்துபோகும். நோயாளிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பதும் சேர்ந்துகொள்ளும். தசைச் சோர்வும் எலும்பு நோவும் இதனால் வரலாம். கல்சியம் காபனேற்றுக் குளிசை கரைய அமிலம் வேண்டும். கல்சியம் சித்திரேற்றுக்கு அது வேண்டாம். ஆகவே எந்த வகை என்று லேபலைப் பாருங்கள். இரும்புக்கும் கல்சியத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமும், தைரொயிட் குளிசைக்கும் இவற்றுக்கும் இடையில் நான்கு மணித்தியாலமும் விடுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது, எங்கே செய்யலாம் என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டறியுங்கள்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அன்போடு வரும் விற்றமின் போத்தல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று போத்தலில் மூன்று முறை விற்றமின் ஏ, டி சேர்ந்தால் அது நஞ்சாகும். நாகம் மிகையாக எடுத்தால் செம்பு குறையும். செம்புக் குறைபாடு பி12 குறைபாட்டைப் போலவே நடையைத் தள்ளாட வைக்கும். எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

8. சாப்பாட்டுக்குப் பின் வரும் களைப்பு வேறு

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் வயிறு புரட்டி, நெஞ்சு படபடத்துப் படுக்க வேண்டியிருந்தால், உணவு குடலுக்குள் வேகமாக இறங்குகிறது. ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால், குருதிச் சீனி இறங்குகிறது. பனங்கட்டி போட்ட புக்கையைக் கோயிலில் வயிறார உண்டு, வீடு வந்து திண்ணையில் சரிந்தவரைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் அந்த நேரத்தில் பார்த்து எண்ணை எழுதுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மருத்துவருக்கு வேண்டிய சான்று அதுதான்.

நாளொன்றுக்கு ஆறு சிறிய வேளைகளாகப் பிரியுங்கள். தண்ணீர், சொதி எல்லாம் உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னோ பின்னோ; தேத்தண்ணிக்கு மட்டும் முன்பு சொன்னபடி ஒரு மணித்தியாலம். முட்டை, மீன், பயறு, தயிர் போன்ற புரத உணவை முதலில் உண்டு, பிட்டையும் இடியப்பத்தையும் கடைசியில் கொஞ்சமாக எடுங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். 50 கிலோ நிறையுள்ளவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராமாவது வேண்டும் என்று கணக்கிட்டால், சோறும் சம்பலும் மட்டும் போதாது என்பது விளங்கும். பனங்கிழங்கு, ஒடியல், முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார்மிக்கவற்றை நன்றாக மெல்லாமல் விழுங்கினால் அவை உள்ளே திரண்டு அடைக்கக்கூடும். உணவுக்குழாய் அகற்றப்பட்டவர்கள் படுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு முன்பே சாப்பாட்டை முடித்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும்.

கந்தசஷ்டி போன்ற பட்டினி விரதங்களை இவர்கள் பிடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் விடுவோர், பயறு, கௌபி, தயிர், பால்மா ஆகியவற்றால் புரதத்தை நிரப்பிக்கொள்ளட்டும்.

9. எல்லாம் சரியாகியும் களைப்பு நீங்காவிட்டால்

மலம் எண்ணெய்ப்பசையுடன் மிதந்து நிறை இறங்கினால், சதையியின் (கணையத்தின்) சுரப்பு உணவோடு கலக்காமை அல்லது சிறுகுடலில் பக்ரீரியாக்கள் பெருகியிருத்தல் காரணமாகலாம். முன்னதற்கு உணவோடு எடுக்கும் நொதிய மருந்தும், பின்னதற்கு நுண்ணுயிர் எதிர்ப்பியும் உண்டு. நித்திரையின்மை, மனச்சோர்வு, இதயம், தைரொயிட் ஆகியவற்றையும் கேளுங்கள். மனச்சோர்வைப் பற்றிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

10. கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாதவை

குருதி வாந்தி, தார்போன்ற மலம், நெஞ்சு நோவு, மயக்கம், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குதல் ஆகியவற்றுக்கு 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை. பல நாள் வாந்தியுடன் பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, பேச்சுக் குழம்பினால் அது விற்றமின் பி1 வற்றியதன் அடையாளமாக இருக்கலாம். குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் (அந்த விற்றமின் பி1) கொடுக்க வேண்டிய நிலை அது. "இரைப்பை இல்லாதவர், பல நாளாக வாந்தி" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். மண்ணீரலும் அகற்றப்பட்டவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் அதே நாளில் போக வேண்டும். உணவு விழுங்குகையில் புதிதாகத் தடைபட்டால், அல்லது காரணமின்றி நிறை இறங்கினால், அந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள்.

11. ஒரு கொப்பியில் ஆண்டுக் கணக்கு

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். முதற் பக்கத்தில் சத்திரசிகிச்சையின் பெயரும் திகதியும், ஒவ்வாத மருந்துகளும். அடுத்த பக்கத்தில் ஊசி போட்ட திகதி, மருந்தின் பெயர், அடுத்த திகதி. அதற்கடுத்ததில் மாதம் ஒரு முறை நிறை. சிகிச்சை தொடங்கும்போது ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குருதி எண்ணிக்கையும் பெரிட்டினும். விற்றமின் டி மூன்று மாதங்களின் பின் ஒருமுறை. எல்லாம் சீரான பின் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றாம் பிரிவில் சொன்ன முதற் தொகுதி முழுவதும். ஆண்டுப் பரிசோதனையைத் தைப்பொங்கல் கழிந்த வாரம் என்பதுபோல மறக்க முடியாத ஒரு நாளோடு சேர்த்துக் குறித்துவிடுங்கள். கிளினிக் திகதிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே குருதி கொடுத்தால், அறிக்கை கையில் இருக்கும்போதே மருத்துவரைச் சந்திக்கலாம்.